கதவைத் தட்டும் காட்சி

குஞ்சம்மாளுக்குப் பேயைக் கண்டு பயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்து சண்டை பிடிப்பாள். பேய் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வரட்டும், சுவரில் பல்லி மாதிரி ஊரட்டும், ஒரு ஆளைத் தூக்கி இன்னொரு ஆள் மேல் எறியட்டும். அவள் பாட்டுக்கு வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆகாத காட்சி ஒன்றே ஒன்றுதான். யாரோ கதவைத் தட்டுவார்கள். வீட்டிலிருப்பவள் போய்த் திறப்பாள். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள்.

அவ்வளவுதான். அந்த இடம் வந்தால் முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்பாள். நான் வேண்டுமென்றே முன்னாடியே "ஆச்சு" என்று சொல்வேன். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அலறுவாள். அப்புறம் என் தொடையில் ஒரு அடி விழும்.

"பேய்னா அதுக்கு ஒரு மூஞ்சி இருக்குது, ஒரு பேரு இருக்குது. வெளக்கமாத்த எடுத்து நாலு சாத்து சாத்தலாம். யாருமே இல்லன்னா யாரப் போயி அடிக்கிறது, நீயே சொல்லு பாயம்மா" என்பாள்.

எனக்குச் சிரிப்பாக வரும். எனக்கு எந்தப் பேய்ப் படத்திலும் எந்த இடத்திலும் பயம் வந்ததில்லை. அந்த வெள்ளைப் புடவைக்கு யார் இஸ்திரி போட்டுக் கொடுத்தது என்றுதான் யோசிப்பேன். அதுவும் பேய் என்றால் எப்போதும் பங்களாவில்தான் குடியிருக்கும். ஒரே குழாயில் ஆறு குடித்தனம் தண்ணீர் பிடிக்கிற வீட்டில் ஒரு பேய் இருந்து காட்டட்டும், பார்க்கலாம்.

நாங்கள் இப்படி மத்தியானத்தில் உட்கார்ந்து பேய்ப் படம் பார்க்க ஆரம்பித்தது, நான் இத்தாவில் இருந்தபோது. புருஷன் மவுத்தாகிவிட்டால் எங்களில் பெண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டாமல் வீட்டோடு இருக்க வேண்டும். வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அதுதான் இத்தா. என் வீட்டுக்காரர் சைபுதீன் திருவண்ணாமலை ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ பாதி இருந்ததாம்.

இத்தாவில் இருக்கிற பொம்பளை படம் பார்க்கலாமா என்று என் பெரிய நாத்தனார் திண்டிவனத்திலிருந்து போன் போட்டுக் கேட்டாள். ஓத வேண்டியதை ஓதிவிட்டு, தொழ வேண்டியதைத் தொழுதுவிட்டுத்தான் பார்க்கிறேன் என்றேன். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனவள், அதற்கப்புறம் வரவில்லை. வந்து என்னோடு உட்காருகிறவளுக்குத்தான் அதைக் கேட்க உரிமை. இதையும் அவளிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் பேய்ப் படப் பைத்தியம் அவர்தான். பார்க்கவும் வேண்டும், பயமாகவும் இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விடுகிற மனுஷன், கொட்டகையில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயந்தால் எல்லாரும் கண்ணை மூடுவார்கள், அவர் காதை மூடுவார். சத்தம் இல்லாவிட்டால் பேய்க்கு ஒரு மரியாதையும் இல்லை என்பார். உண்மைதான். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், பாவம், யாரோ ஒருத்தி பவுடர் அப்பிக்கொண்டு பஸ்ஸைத் தவற விட்ட மாதிரி நின்றுகொண்டிருப்பாள்.

ஆளுக்கு ஒரு பயம். என் பெண் ஜோயாவுக்குக் கண்ணாடி. குளியலறையில் முகம் கழுவி நிமிர்கிற காட்சி வந்தால் எழுந்து போய்விடுவாள். குஞ்சம்மாளின் மகன் விமல்ராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். காரின் பின் சீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படத்தில் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கண்ணாடியை மேல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினான். அவன் பெண்டாட்டி அன்புக்கரசிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. படத்தில் குழந்தை ஒன்று மூலையைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு எழுந்து போனவள், அப்புறம் எங்களோடு படம் பார்க்க வரவே இல்லை.

குஞ்சம்மாள் மட்டும் தினமும் வந்தாள். அவள் புருஷன் முருகையன் சாப்பிட்டுப் படுத்ததும், தலைவாசலைச் சாத்திவிட்டுத் தெருவைத் தாண்டி வந்துவிடுவாள். வரும்போது மடியில் கடலை இருக்கும். எனக்குச் சோறு இறங்குகிறதா என்று பானையை எட்டிப் பார்ப்பாள். இறங்கவில்லை என்றால் திட்டுவாள். அப்புறம்தான் டி.வி. ஜோயா வாங்கிக் கொடுத்த பெரிய டி.வி. அது, நெட்டெல்லாம் வரும். குஞ்சம்மாள் வருவாளா வரமாட்டாளா என்று காலையிலிருந்தே எனக்குப் பதைப்பாக இருக்கும். அதனால் நேற்றைக்குப் பார்த்ததைவிடப் பயங்கரமான படமாகத் தேடி எடுத்து வைப்பேன். மனுஷியை வரவழைக்க எனக்கு வேறு என்ன வழி இருந்தது?

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தாவில் இருக்கிறவளுக்குச் சாமான் வேண்டாமா? பக்கத்து வீட்டுப் பிலால் பால் வாங்கி வருவான். விமல்ராஜ் தண்ணீர்க் கேன் கொண்டு வருவான். அவருடைய கடைக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் விநாயகம் வெள்ளிக்கிழமையானால் வாழைப்பழமோ காய்கறியோ வாங்கி வருவார். எல்லாரும் ஆண்கள். என்னைப் பார்க்கக்கூடாது, சரி. வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்றால் எங்கள் ஊரில் அது நடக்காது. எங்கள் ஊர் மலைக்கோட்டைக் குரங்குகள் மலையில் இருக்கிற நேரத்தைவிட எங்கள் தெரு ஓட்டின் மேல் இருக்கிற நேரம்தான் அதிகம். வைத்த பொருள் வைத்த இடத்தில் கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. அதனால் ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது. பொருளை வைக்க வேண்டியது, கதவைத் தட்ட வேண்டியது, விறுவிறுவென்று தெருமுனைக்குப் போய்விட வேண்டியது. செருப்புச் சத்தம் தேய்ந்ததும் நான் திறந்து எடுத்துக்கொள்வேன்.

தட்டுவதை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன். பிலால் மோதிரக் கையால் டக் டக் என்று தட்டுவான். விமல்ராஜ் உள்ளங்கையால் ஒரே அறை. கதவு அவனுக்கு என்ன பாவம் செய்ததோ. விநாயகம் ஒரே ஒரு தரம் தட்டுவார், தட்டியது எனக்குக் கேட்டதோ இல்லையோ என்று கவலைப்படுகிறவர் மாதிரி. திறந்தால் தெரு காலியாக இருக்கும். படியில் பால் பாக்கெட் வேர்த்துக்கொண்டு கிடக்கும்.

குஞ்சம்மாளைக் கதிகலங்க வைக்கிற காட்சி எனக்குத் தினமும் நடந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் அதற்காகக் காத்திருந்தேன். யாரோ என்னை நினைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்கள், உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்து தட்டியிருக்கிறார்கள். அது போதும். சில நாள் பாலை எடுத்த பிறகும் கதவைச் சாத்தாமல் அந்தக் காலித் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அது காலியாகவே தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் படத்தில் சரியாக அந்தக் காட்சி. கதவு தட்டப்படுகிறது, கதாநாயகி எழுந்து போகிறாள். குஞ்சம்மாள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் கதவில் ஒரு அறை விழுந்தது. குஞ்சம்மாள் போட்ட சத்தத்தில் ஓட்டு மேல் இருந்த குரங்கெல்லாம் தடதடவென்று ஓடின. கடலை வீடு முழுக்கச் சிதறியது.

"ஒம்மவன்தாண்டி, தண்ணிக் கேன்" என்றேன் சிரித்துக்கொண்டே.

"எம்மவனா இருந்தா நில்லுன்னு சொல்லு, நிக்கட்டும்! தட்டிட்டு ஓடுறான் பாரு திருட்டுப் பையனாட்டம். எனக்கு ஈரக்கொல நடுங்குது, நீ சிரிச்சினு இருக்கிற."

"அவன் நிக்கக்கூடாது குஞ்சம்மா. நின்னாதான் தப்பு."

"இன்னா வழக்கமோ போ" என்று கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் போன பிறகு நான் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அவள் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள், என் அழுகை தெருவுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று.

இத்தா முடிந்தது. ஜோயா கோயம்புத்தூரிலிருந்து வந்து எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். புதுப் புடவை கொடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கையைப் பிடித்துப் பேசினார்கள். குஞ்சம்மாளும் ஓரமாக வந்து நின்றுவிட்டுப் போனாள். கிளம்பும்போது ஜோயா பழைய பல்லவியை எடுத்தாள்.

"எங்கூட வந்துடும்மா. இங்க தனியா இருந்து இன்னா பண்ணப் போற?"

"எனக்கு இன்னாடி தனி? தெரு பூரா மனுசங்க. நிமிஷத்துக்கு ஒருத்தர் வந்து கதவத் தட்டுறாங்க. நீதான் அங்க லிஃப்ட்ல ஏறி எறங்குற, பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியுமா ஒனக்கு?"

வாய் ஜாஸ்தி எனக்கு. ஜோயா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பால் நேரம் ஆயிற்று. தட்டல் இல்லை. பிலாலுக்கு உடம்பு சரியில்லையோ என்று கதவைத் திறந்து பார்த்தேன். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி! வெளிய பாத்து எவ்ளோ நாளாச்சு. இனிமே நீங்களே காலாற நடந்து போயி வாங்கிக்கலாம், இல்ல? நல்லாருக்கும் ஒடம்புக்கு."

"ஆமாம்பா" என்றேன். பையன் சொன்னதில் தப்பே இல்லை.

விமல்ராஜும் அப்படித்தான். கேன் வேண்டுமானால் போன் பண்ணுங்க என்று சொல்லிவிட்டான். விநாயகம் அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. இத்தா முடிந்த வீட்டுக்கு வேற்று ஆள் வாழைப்பழத்தோடு வந்து நின்றால் நன்றாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எல்லாரும் முறையாகத்தான் நடந்துகொண்டார்கள். யாரையாவது குறை சொல்லலாம் என்றால் ஒருத்தரும் கிடைக்கவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

குஞ்சம்மாளும் வரவில்லை. வல்லம் பக்கம் அவர்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. கடலை பிடுங்குகிற நேரம். விடிந்தும் விடியாமல் போகிறாள், பொழுது சாய வருகிறாள். முடிந்தால் மத்தியானமே வருவாள் என்று நானாக நினைத்துக்கொண்டு தினமும் ஒரு படத்தைத் தேடி வைத்தேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவேன். சத்தம் எங்கள் கதவைத் தாண்டிப் போகும்.

ஒரு நாள் போகட்டும் என்று தனியாகவே படத்தைப் போட்டேன். ஆரம்பக் காட்சி. ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். பூட்டைத் திறக்கிறாள். விளக்கைப் போடுகிறாள். சாவியை ஆணியில் மாட்டுகிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பேய் இன்னும் வரவே இல்லை.

எத்தனை படம் பார்த்திருப்பேன், எந்தப் பேய்க்கும் வராத பயம் ஒரு டம்ளரைக் கவிழ்க்கிற சத்தத்துக்கு வந்தது. பேய் சீக்கிரம் வந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண்ணுக்கு யாராவது வரட்டும், யாராக இருந்தாலும் சரி. என்னால் உட்கார முடியவில்லை. டி.வி.யை அணைத்தேன். அணைத்த பிறகு வீடு அந்தப் படத்தைப் போலவே இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இன்னும் இருபது வருஷம் நான் டம்ளர் கழுவிக் கவிழ்க்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். காந்தி பஜார் வரை நடந்தேன். இரண்டு பால் பாக்கெட்டும் கொஞ்சம் வாழைப்பழமும் வாங்கினேன். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். "நல்லாருக்கேன்" என்றேன். அதற்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை, கூட்டம்.

திரும்பி வந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. என் வீட்டுப் படியில் பையை வைத்தேன். சாவி இடுப்பில்தான் இருந்தது, எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. கதவைத் தட்டினேன்.

தட்டிவிட்டுப் படியிறங்கி விறுவிறுவென்று தெருமுனைக்குப் போய், அங்கே சுவரோரமாக நின்றேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன். உள்ளே ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தட்டின சத்தம் கேட்டிருக்கும், செருப்புச் சத்தம் தேயட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறாள் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அவளுக்காவது யாரோ தட்டினார்களே.

ஓட்டிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. பையைக் கவிழ்த்தது. வாழைப்பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பால் பாக்கெட்டைக் கடித்தது. பால் படி வழியாக ஒழுகித் தெருவுக்கு வந்தது. நான் விரட்டவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏய்! ச்சூ! ச்சூ!"

குஞ்சம்மாள். தலையில் கடலைச் செடிக் கட்டு. அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள் போல. கட்டை நடுத்தெருவில் போட்டுவிட்டுக் கல்லெடுத்துக் குரங்கை விரட்டினாள். அப்புறம் திரும்பி, முனையில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தட்டினதையும் அவள் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே பார்த்திருக்கிறாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. எத்தனையோ பேய்ப் படம் சேர்ந்து பார்த்திருக்கிறோம், அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

கிட்டே வந்தாள்.

"உள்ள யாரு இருக்கா, பாயம்மா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் ஏன் தட்டுன?"

ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்துவிட்டது.

"யாருமே தட்டலடி. எத்தினி நாளாச்சு தெரியுமா? ஒருத்தரும் தட்டல."

குஞ்சம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "நான் இன்னா நெனச்சன்... ஒம் பொண்ணு வந்துச்சே, இட்டுனு போயிடும்னு நெனச்சன். வெளிய தெருவ வர ஆரம்பிச்சிட்ட, இனிமே சொந்தக்காரங்க வூட்டுக்கெல்லாம் போவ, நான் எதுக்குக் குறுக்கன்னு..." பாதியில் நிறுத்திவிட்டாள். "சாவி எங்க?"

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தாள். பாலை மிதித்துக்கொண்டு படியேறிப் பூட்டைத் திறந்தாள். நானும் கூடவே காலை எடுத்து வைத்தேன். கையை நீட்டி என்னை அங்கேயே நிறுத்தினாள். அவள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

"தட்டு" என்றாள் உள்ளேயிருந்து.

"இன்னா வெளையாட்டு இது, தொற குஞ்சம்மா. தெருவுல பாக்கப் போறாங்க."

"பாத்தா பாக்கட்டும். தட்டுமே!"

தட்டினேன். எனக்கென்று ஒரு தட்டல் இருந்ததே இல்லை, எப்படித் தட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினேன்.

உள்ளே தாழ்ப்பாள் தடதடவென்று ஆடியது. வெளியே நிற்பது நான்தான் என்று தெரிந்தும் அவளுக்குப் பயம். இரண்டு தரம் தாழை இழுத்தாள், வரவில்லை. மூன்றாம் தரம் கதவு திறந்தது. நெற்றியெல்லாம் வேர்த்துப்போய், கடலை வயல் மண் காலோடு நின்றாள்.

"செருப்ப அப்புறம் கழட்டலாம், உள்ள வா. பாலு போனா போவுது, கடுங்காப்பி போடு" என்றாள்.

அவர் போன பிறகு அந்தக் கதவை எனக்காக ஒருவர் உள்ளேயிருந்து திறந்தது அதுதான் முதல் தடவை.